‘இத மட்டும் எழுதிராதீங்க தம்பி’: ஓர் அறிமுக இயக்குநரின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

பட்டாசு ஆலை விபத்து ஒன்றை மையமாக வைத்துத் தம் முதல் படத்தை எடுக்க முனைந்திருக்கும் ஓர் இளைஞரிடமிருந்து இந்த முறை கடிதம் வந்திருக்கிறது. ஆறு பக்கக் கடிதம். ஊர், ஆண்டு, இறந்தவர்களின் எண்ணிக்கை, ஆலையின் பெயர் ஆகியவற்றை நீக்கியும், சில விவரங்களை அவருடைய சம்மதத்தோடு மாற்றியும் அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் பத்தாண்டுகள் உதவி இயக்குநராக இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் விருதுநகர் மாவட்டத்தில் நடந்த வெடி விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்மணியை நண்பர் ஒருவர் மூலம் சந்தித்திருக்கிறார். கடிதம் முழுவதும் அவரை ‘அக்கா’ என்றே குறிப்பிடுகிறார். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். மூன்று மாதங்களில் நேரிலும் கைபேசியிலும் பேசி, ஏறக்குறைய இருபது மணி நேரப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். திரைக்கதை அந்தப் பேச்சிலிருந்துதான் உருவாகியிருக்கிறது. தயாரிப்பாளர் கிடைத்த பிறகு, அவருடைய மேலாளர் அக்காவின் வீட்டுக்குச் சென்று, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நான்கு பக்க ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதினைந்தாயிரம் ரூபாயை ஓர் உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அதன் பிறகு இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகன் ஓர் இரவு கைபேசியில் அழைத்து, ‘எங்கப்பாவ வெச்சுப் படம் எடுக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து திரைக்கதையில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன. கணவர் முந்தைய இரவு குடித்துவிட்டு வந்து, மறுநாள் வெடிமருந்து கலக்கும்போது கைதவறியதால் வெடித்தது என்பது ஒன்று. அதே விபத்தில் இறந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தியிடம் போர்மேன் தவறாக நடந்துகொண்டார் என்பது மற்றொன்று; அதை இடைவேளைக் காட்சியாக வைக்க வேண்டுமாம். இரண்டுக்கும் எந்த ஆதாரமும் இல்லை என்று கடிதம் எழுதிய இளைஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார். குற்றவியல் வழக்கும் இழப்பீட்டு மனுவும் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. தயாரிப்பாளரோ, ‘பேரை மாத்திட்டோம், ஊரை மாத்திட்டோம், எல்லாம் பேப்பர்ல வந்ததுதான், முதல்ல ஒரு கார்டு போட்டுடலாம், செத்தவர் வந்து கேஸ் போடப்போறதில்லை’ என்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிணவறையில் கணவரை எதை வைத்து அடையாளம் கண்டார் என்பதை அக்கா ஓர் இரவு சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும், ‘இத மட்டும் எழுதிராதீங்க தம்பி’ என்றிருக்கிறார். திரைக்கதையின் மிகச் சிறந்த காட்சி அதுதான், அதை எடுத்துவிட்டால் படமே இல்லை என்கிறார் அந்த இளைஞர். அந்த அடையாளம் என்ன என்று அவர் கடிதத்தில் விவரித்திருக்கிறார். நான் அதை இங்கே அச்சிடவில்லை.

சட்டப்படி இந்தப் படத்தை யாராவது தடுக்க முடியுமா, தடுக்க முடியாவிட்டாலும் தாம் எடுக்கலாமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

நடந்த ஒரு துயரத்தைப் படமாக்குவதற்கு நம் சட்டம் பொதுவாக யாருடைய முன் அனுமதியையும் கேட்பதில்லை. ஒரு நிகழ்வுக்குப் பதிப்புரிமை கிடையாது. நாளை இன்னொருவர் இதே விபத்தை எடுத்தால் நீங்களும் தடுக்க முடியாது. இப்படிப்பட்ட படங்கள் வர வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். தென் மாவட்டங்களில் பட்டாசு விபத்துச் செய்தி ‘உராய்வு காரணமாக’ என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், உரிமம் யார் பெயரில் இருந்தது, உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் யார் என்ற கேள்விகளெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்கு அடியில் போய்விடுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்தவர்களும் என்னவென்று பார்க்க வந்தவர்களும்தான். இதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஆகவே படத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் திரைக்கதையில் எது ஆவணத்திலிருந்து வந்தது, எது அக்கா கொடுத்தது, எது நீங்கள் இட்டுக்கட்டியது என்று ஒவ்வொரு காட்சியாகப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

பத்திரிகையில் வந்ததும் அக்கா சொன்னதும்

‘எல்லாம் பேப்பரில் வந்ததுதான்’ என்ற வாதத்துக்கு அடிப்படையான தீர்ப்பு நம் ஊரிலிருந்து போனது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, நக்கீரன் இதழின் ஆசிரியர் ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லைக்கோட்டைப் போட்டது. நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை யாரும் சம்மதமின்றி வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைகள் போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிட்டால், அது புகழ்ச்சியாக இருந்தாலும் இகழ்ச்சியாக இருந்தாலும், உண்மையாகவே இருந்தாலும், அந்தரங்க உரிமையை மீறியதாகும். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்த பிறகு இந்தக் கோடு இன்னும் வலுப்பெற்றிருக்கிறது.

இப்போது உங்கள் திரைக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை, நீதிமன்றத்தில் திறந்த விசாரணையில் சொல்லப்பட்ட சாட்சியம், தீர்ப்பு, உரிமம் இடைநீக்கம் செய்யப்பட்ட உத்தரவு ஆகியவற்றில் இருப்பதை நீங்கள் தாராளமாக எடுத்தாளலாம். முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால் அதைப் பெறுவதும் கடினமில்லை. குற்றப்பத்திரிகை அப்படிப்பட்டதன்று. அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய ஆவணமாகக் கருத முடியாது என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாரோ உங்களுக்கு அதன் நகலைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இருப்பவை காவல்துறையின் குற்றச்சாட்டுகள், இன்னும் நிரூபிக்கப்படாதவை.

அக்கா உங்களிடம் பேசிய இருபது மணி நேரம் இந்தப் பட்டியலில் எங்குமே வராது. திருமணமான புதிதில் கணவரின் நகக்கண்ணிலிருந்து அலுமினியப் பவுடரை எப்படித் தேய்த்து எடுப்பார் என்பதும், தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் ஏன் வெடி வாங்குவதில்லை என்பதும் எந்த நாளிதழிலும் வரவில்லை. உங்கள் படத்துக்கு உயிர் கொடுப்பவை இவைதான். இவற்றைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும், சட்டத்துக்காகவும் வேண்டும்.

இறந்தவர் வழக்குப் போடமாட்டார் என்பது பற்றி

தயாரிப்பாளர் சொல்வதில் பாதி சரி. முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஒட்டிய படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தொடர்ந்த வழக்கில், ஒருவர் தம் வாழ்நாளில் பெற்ற அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகள் அவற்றைச் சொத்தைப்போல அடைய முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடர்ந்த வழக்கிலும் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதே முடிவுக்கு வந்தது. எனவே ‘என் அப்பாவைப் பற்றி எடுக்காதே’ என்று மகன் நீதிமன்றத்துக்குப் போனால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் தடை கிடைப்பது கடினம்.

ஆனால் அக்கா உயிரோடு இருக்கிறார். அவருடைய மகன் உயிரோடு இருக்கிறார். படத்தில் வரும் மனைவியும் மகனும் அவர்கள்தான் என்றால், அவர்களுக்கென்று உள்ள அந்தரங்க உரிமை எந்தத் தீர்ப்பாலும் குறையவில்லை. 1994இல் ‘பாண்டிட் குயின்’ படத்தில் தாம் சித்திரிக்கப்பட்ட விதத்தை எதிர்த்து, முன்னாள் கொள்ளைக்காரரான பூலான்தேவி வழக்குத் தொடர்ந்தபோது, டெல்லி உயர் நீதிமன்றம் திரையிடலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் ஏற்கெனவே நாடறிந்தவர், அவரைப் பற்றிப் புத்தகமே வந்துவிட்டது என்ற வாதங்கள் அந்தக் கட்டத்தில் எடுபடவில்லை. உயிரோடிருக்கும் ஒரு பெண் தம் வாழ்வில் நேர்ந்த கொடுமை மறுபடி எல்லார் கண்முன்னும் நடித்துக் காட்டப்படுவதை ஏற்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். பின்னர் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது என்பது வேறு விஷயம்.

இறந்தவர்களுக்கும் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுக்கு உள்ள முதல் விளக்கம் இப்படிச் சொல்கிறது: ஒருவர் உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் களங்கம் விளைவிக்கக்கூடிய பழியை அவர் இறந்தபின் சுமத்தினாலும், அது அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாயின், அவதூறாகலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. நோக்கத்தை நிரூபிப்பது எளிதல்ல என்று உங்கள் தயாரிப்பாளரின் வழக்கறிஞர் சொல்வார். ஆதாரம் எதுவும் இல்லை என்று இயக்குநரே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு பழியை, குடும்பம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வைத்தால், நீதிமன்றம் அதை எப்படிப் பார்க்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தக் குடிக் காட்சிதான். அதைச் ‘சின்ன மாற்றம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விபத்துக்குப் பொருந்தும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். தொழிலாளி குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று சொல்லி முதலாளி இழப்பீட்டிலிருந்து தப்பலாம், ஆனால் காயம் மரணத்திலோ முழு நிரந்தர ஊனத்திலோ முடிந்திருந்தால் அந்த வாதத்துக்கு இடமில்லை என்கிறது அந்தப் பிரிவு. செத்துப்போன தொழிலாளியின் மீது பழியைப் போட்டுவிட்டு முதலாளி விலகிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆலை முதலாளி நீதிமன்றத்தில் சொல்லியும் பயனில்லாத ஒன்றை, உங்கள் படம் அவர் சார்பில் ஆயிரம் திரைகளில் சொல்லப்போகிறது.

இழப்பீட்டு மனுக்களுக்காகத் தொழிலாளர் துறை அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்களோடு நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் பையில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டை, மூலை மடிந்த ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அப்படி வந்த ஒருவர், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தம் கணவர் இறந்த விபத்தை ‘நாடகமாக’ நடித்துக் காட்டிய மறுநாள் என்னிடம் வந்து, ‘எம் புருசன் பீடி குடிச்சதாலதான் வெடிச்சுச்சுன்னு தெருவுல பேசுறாகம்மா’ என்றார். வழக்கின் ஆவணங்களில் பீடி என்ற சொல்லே இல்லை. நிகழ்ச்சியில் நடித்தவரின் கையில் இருந்தது. வழக்கில் அதற்கு மதிப்பில்லை என்று நான் விளக்கினேன். தெருவுக்கு அதை யார் விளக்குவது?

பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எடைபோட்டுப் பார்க்க எதுவும் இல்லை. நடக்காத ஒரு பாலியல் கொடுமையை இறந்துபோன ஒரு குழந்தையின் மீது ஏற்றாதீர்கள். குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளிப்படுத்தக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். உண்மையாகவே பாலியல் கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்களின் பெயரைக்கூட, பெற்றோர் சம்மதித்தாலும், அமர்வு நீதிமன்றத்தின் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தப் பெண்ணின் பெற்றோரை நீங்கள் சந்திக்கவே இல்லை என்பதும் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. போர்மேனும் உயிரோடு இருந்து விசாரணையை எதிர்கொள்பவர்; அவருக்கும் அவதூறு வழக்குப் போடும் உரிமை உண்டு. அந்தக் காட்சியை நீக்க மறுத்தால் இந்தப் படத்திலிருந்து விலகிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

பெயர் மாற்றமும் அந்தக் கார்டும்

அவதூறுச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, தெரிந்தவர்கள் பார்த்தால் இன்னார் என்று அடையாளம் காண்பார்களா என்பதைத்தான் பார்க்கிறது. ஆலை இருக்கும் நிலப்பகுதி, இறந்தவர்களின் எண்ணிக்கை, விபத்து நடந்த நாள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஊரின் பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் எதுவும் மறையாது. ‘யாவும் கற்பனையே’ என்ற கார்டு போட்டு, விளம்பரத்தில் ‘உண்மைச் சம்பவம்’ என்று எழுதினால் அந்தக் கார்டுக்கு மதிப்பே இல்லை. தணிக்கைச் சான்றிதழும் கேடயமாகாது. அவதூறும் நீதிமன்ற அவமதிப்பும் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி சான்றிதழை மறுப்பதற்கான காரணங்களில் வருகின்றன. சான்றிதழ் கிடைத்த பிறகும் பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

நிலுவையில் இருக்கும் வழக்கு

இந்த ஆபத்தை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று தோன்றுகிறது. அக்கா அந்தக் குற்றவியல் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கைபேசியில் இருக்கும் இருபது மணி நேரப் பதிவு அவருடைய முந்தைய வாக்குமூலங்களின் குவியல். நீதிமன்றத்தில் அவர் சொல்வதற்கும் உங்களிடம் சொன்னதற்கும் சிறு முரண்பாடு இருந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வரவழைத்துக் குறுக்கு விசாரணையில் அவர் முன் வைக்க முடியும். துக்கத்தில் பேசுகிறவர் நேரத்தையும் நாளையும் மாற்றிச் சொல்வது இயல்பு. சாட்சிக் கூண்டில் அது பொய்யாகத் தெரியும். ‘சினிமாக்காரர்களிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?’ என்பது அடுத்த கேள்வியாக வரும். அந்த உறையில் இருந்த பதினைந்தாயிரம் ரூபாய் அன்று அவருக்கு எதிராகப் பேசும்.

ஆகவே அவருடைய சாட்சியம் பதிவாகி முடியும் வரை புதிய நேர்காணல்களையும் பணப் பரிமாற்றத்தையும் நிறுத்திவையுங்கள். இருக்கும் பதிவுகளைத் தயாரிப்பு அலுவலகத்தில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவற்றை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அழிப்பது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும், வேண்டாம்.

வெளியீட்டுத் தேதியைப் பொறுத்தவரை, மும்பைத் தொடர் குண்டுவெடிப்பை ஒட்டி எடுக்கப்பட்ட ‘பிளாக் ஃபிரைடே’ நினைவிருக்கலாம். விசாரணையைப் பாதிக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்ததால், 2005இல் வரவேண்டிய படம் தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு 2007 பிப்ரவரியில்தான் வந்தது. எல்லா வழக்குகளிலும் அப்படித் தடை கிடைப்பதில்லை. ஆனால் உங்கள் படம் யார் குற்றவாளி என்று பெயர் சொல்லாமல் கைகாட்டுகிறது என்றால், இந்த அபாயத்தைத் தயாரிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, முதலீடு அவருடையது.

அந்த நான்கு பக்கக் காகிதம்

இரண்டு பேர் ஒரே பொருளைப் பற்றி ஒரே கருத்தில் உடன்படுவதுதான் சம்மதம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலத்தில் இருந்த பக்கங்களை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. ‘தம்பி எழுதுற கதைக்குத்தான்’ என்று மேலாளர் சொன்னதாக அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாம் பக்கத்தில், கணவரின் வாழ்க்கையைத் ‘தேவைக்கேற்ப மாற்றவும் கூட்டவும்’ உரிமை கொடுத்ததாகவும், எந்தக் காலத்திலும் எந்த நீதிமன்றத்தையும் அணுகமாட்டேன் என்றும் இருக்கிறது. நீதிமன்றத்தை அணுகும் உரிமையை முற்றிலும் பறிக்கும் வாசகம் அதே சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. மற்றவற்றை ஒரு நீதிபதி எப்படி மதிப்பிடுவார் என்பது சாட்சியங்களைப் பொறுத்தது. இந்தக் காகிதத்தை நம்பி ஒரு ரூபாயும் முதலீடு செய்யாதீர்கள் என்றே நான் ஆலோசனை சொல்வேன். இதில் மகனின் கையெழுத்தே இல்லை. அவருக்கு இப்போது பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. தம்மைச் சித்திரிப்பதற்கு அவர் தனியாகச் சம்மதிக்க வேண்டும். அம்மாவின் கையெழுத்து அவருக்காகப் பேசாது.

உப்ஹார் வழக்கிலிருந்து ஒரு பாடம்

இப்படிப்பட்ட படத்தைப் பொறுப்போடு எடுக்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லியில் உப்ஹார் திரையரங்கில் நடந்த தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் தொடங்கிய தீயின் புகை மேலே ஏற, பால்கனியில் இருந்தவர்கள் வெளியேற முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். தம் மகளையும் மகனையும் ஒரே நாளில் பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி மற்ற குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு நீதிமன்றப் படிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறி இறங்கினார்கள். 2016இல் அந்த அனுபவத்தை அவர்களே புத்தகமாக எழுதினார்கள். அதை ஆதாரமாகக் கொண்ட ‘ட்ரயல் பை ஃபயர்’ தொடர் 2023 ஜனவரி 13 அன்று வெளிவந்தது. அதற்கு முந்தைய நாள், திரையரங்க உரிமையாளர்களில் ஒருவரான சுஷீல் அன்சல் கேட்ட தடையை டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. குற்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்று உறுதியாகியிருந்தது. கதை, இழந்தவர்களே எழுதி ஆண்டுக்கணக்கில் மக்கள் கையில் இருந்த புத்தகத்திலிருந்து வந்தது. ஒரு படைப்பு எதிர்ப்பைத் தாங்கி நிற்பதற்கு வேண்டியவை இவைதான்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் அந்த வழக்கில் இருக்கிறது. பால்கனியில் கூடுதல் இருக்கைகளைப் போட்டு, வெளியேறும் வழி ஒன்றை அடைத்திருந்தார்கள் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. டிக்கெட் வருமானத்துக்காகப் போட்ட சில நாற்காலிகள். எந்த வில்லன் பாத்திரத்தை எழுதினாலும் அந்த நாற்காலிகளுக்கு ஈடாகுமா? உங்கள் விபத்தின் ஆவணங்களிலும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர், அன்று வெயில் எவ்வளவு, எந்த நாளுக்குள் எத்தனை பெட்டி அனுப்ப வேண்டியிருந்தது என்று தேடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சாட்சியங்கள் பதிவாகும் நாட்களில் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள், திறந்த நீதிமன்றம்தான். குடிக் காட்சியும் போர்மேன் காட்சியும் தேவைப்பட்டதே இந்தத் தேடல் நடக்காததால்தான் என்பது என் கணிப்பு.

அந்தக் கடைசிக் காட்சி

பிண விசாரணை அறிக்கையில் அந்த அடையாளம் ஒரு வரியில் இருக்கக்கூடும், அப்படியானால் அது பொது ஆவணம் ஆகிவிடாதா என்று சாமர்த்தியமாகக் கேட்டிருக்கிறீர்கள். வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அதை அந்த அறிக்கையிலிருந்து எடுக்கவில்லை. நடுராத்திரியில் ஒரு பெண் உங்களைத் தம்பியாக நினைத்துச் சொன்னார். சொன்ன மூச்சிலேயே எழுத வேண்டாம் என்றும் சொன்னார். நம்பிக்கையின்பேரில் சொன்னதை அந்த நம்பிக்கைக்கு மாறாகப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் தனித் தவறாகவே பார்த்துவந்திருக்கின்றன. ஆயினும் இதில் நீதிமன்றத்தை நான் முன்னிறுத்த விரும்பவில்லை. நான்கு பக்கக் காகிதத்தில் அவர் போட்ட கையெழுத்தைவிட, அந்த நான்கு சொற்கள்தான் அவர் உண்மையில் உங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். அதை எடுத்துவிட்டால் படமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்சி இல்லாமல் ஒரு வரைவை எழுதிப் பார்க்காமலேயே அதை முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

பிறகு செய்ய வேண்டியவை சில. பழைய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, அது ரத்து என்று தயாரிப்பாளரிடம் எழுதி வாங்கி அக்காவிடம் கொடுங்கள். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஆனால் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அரசு வழக்கறிஞரிடம் அக்கா தெரிவித்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. அவருடைய சாட்சியம் முடிந்தபின், ஆலை விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலாளர் இல்லாமல் நீங்கள் மட்டும் போய், அவரையும் அவர் கணவரையும் மகனையும் தொடும் காட்சிகள் அனைத்தையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மகன் உடன் இருக்கட்டும். அவர்கள் நம்பும் ஓர் உறவினரோ தொழிற்சங்கத்துக்காரரோ இருந்தால் இன்னும் நல்லது. அன்றே பதில் கேட்காதீர்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காட்சிகளைக் குறித்துக்கொண்டு வந்து, அவை இல்லாத திரைக்கதையைத் தயாரிப்பாளரிடம் கொடுங்கள்.

அவர்கள் சம்மதித்தால் புதிய ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். எந்தெந்தக் காட்சிகள், எவை மாற்றக் கூடாதவை, வெளியீட்டுக்கு முன் முடிந்த படத்தை அவர்கள் தனியாகப் பார்க்கும் உரிமை, விளம்பரங்களில் கணவரின் உண்மைப் படத்தைப் பயன்படுத்தாமை, பணம் எவ்வளவு, எப்போது என்பவை அதில் தெளிவாக வரட்டும். வரைவைத் தயாரித்ததும் எனக்கு அனுப்புங்கள், கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறேன். ஆனால் அக்காவின் சார்பில் அதைப் படித்துச் சொல்ல வேறொரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். விருதுநகர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். அடுத்த முறை பேசும்போது அக்காவிடம் அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.